ஞானதாஸ் அண்ணனின் இடது விளக்கு

கார் ஓட்டப் படிக்கிறவர்கள் ஸ்டியரிங்கில் இருக்கும்போது நான் போன் எடுப்பதில்லை. என் பயிற்சிப் பள்ளியில் அது சட்டம். அன்று காலையில் வெளிநாட்டு வேலைக்குப் போகவிருந்த ஒரு நர்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். போன் அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. ஏதோ சரியில்லை என்று எடுத்தேன். மலைப்பாதையில் சாயாக்கடை வைத்திருக்கும் மணியன் பேசினார்.

"டீச்சரே, வண்டியிலயா இருக்கிய? முதல்ல ஓரங்கட்டச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்லுங்க மணியன்."

"நம்ம ஞானதாஸ் அண்ணன் போயிட்டாரு. கடையைத் திறந்துட்டு ஸ்டூலுல இருந்திருக்காரு. இருந்த இருப்பிலேயே சாஞ்சிட்டாரு. ஆசுவத்திரிக்குக் கொண்டு போனாவ. அங்க வச்சு உயிர் இல்லைன்னு சொல்லிட்டாவளாம்."

யாரும் சொல்லாமலே அந்தப் பெண் வண்டியை ஓரமாக நிறுத்தியிருந்தாள். என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டிருப்பாள். இடம் மாறி உட்காரலாமா என்று கேட்டாள். வேண்டாம், நீயே ஜங்ஷனுக்கு ஓட்டு என்றேன். ஓட்டப் படிக்கத் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகாத அந்தப் பெண்தான் என்னைத் திருவட்டாறு ஜங்ஷனில் கொண்டுபோய் இறக்கினாள். கியர் மாற்றும்போது அவள் தடுமாறியதற்கு அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஞானதாஸ் அண்ணனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் ஆட்டோ எலக்ட்ரீசியன். என் பயிற்சிப் பள்ளிக்கும் அவருடைய கடைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஏதோ பழைய ஜீப்பின் ஹெட்லைட் ஒன்றை வாசலில் தொங்கவிட்டிருந்தார். வழி கேட்கிறவர்களிடம் "அந்த ஒத்தைக் கண்ணு கடை" என்று சொன்னால் போதும். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் டெஸ்ட் லைட்டு குத்தியிருக்கும். மனிதர்களின் முகத்தைவிட வண்டிகளின் முகம்தான் அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். ஒருவரைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருந்தால் வெகுநேரம் விழிப்பார். பிறகு, "ஓ, அந்த வலது கண்ணு மங்கின பச்சை ஜீப்பா" என்பார். எவ்வளவோ பேருடைய பேரப்பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கெல்லாம் போயிருக்கிறார். பிள்ளையின் பெயர் கேட்டால் தெரியாது. அந்த வீட்டு வண்டிக்கு எந்த வருடம் ரிலே மாற்றினார் என்பது தெரியும்.

எங்கள் முதல் சந்திப்பு சண்டையில்தான் தொடங்கியது. அப்போது நான் பள்ளி தொடங்கியிருக்கவில்லை. வேறொருவரிடம் பயிற்சியாளராக இருந்தேன். ஒரு சாயங்காலம் மலைப்பாதையில் படிப்பவர் ஒருவரோடு வந்துகொண்டிருந்தபோது எதிரே ஒரு சின்ன சரக்கு வேன் வந்தது. எங்களைக் கண்டதும் அதன் ஓட்டுநர் மரியாதையாக வெளிச்சத்தைத் தாழ்த்தினார். அப்போதுதான் அந்தக் கூத்தைப் பார்த்தேன். தாழ்த்தினால் இரண்டு விளக்கும் தாழ வேண்டும். இந்த வண்டியில் வலது விளக்கு தாழ்ந்தது, இடது விளக்கு உயர்ந்தது. தராசின் தட்டு மாதிரி ஒன்று இறங்க ஒன்று ஏறியது.

எனக்கு வந்த கோபத்தில் நடுரோட்டில் இறங்கிக் கையைக் காட்டி அந்த வேனை நிறுத்தினேன். "இது எந்த மண்டன் செய்த வயரிங்?" என்று கேட்டேன்.

அவர் இறங்கி வந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "நானாக்கும்" என்றார்.

"நீங்க யாரு?"

"ஆட்டோ எலக்ட்ரீசியன்."

அவர் என்னை வேனுக்கு நேர் எதிரே கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். உள்ளே ஏறி வெளிச்சத்தை மாற்றி மாற்றிப் போட்டார். "தாழ்த்தி வச்சிருக்கேன் இப்பம். கண்ணு கூசுதா?" என்று கேட்டார். கூசவில்லை. உயர்ந்து எரிந்த இடது விளக்கை அதன் திருகாணியைத் திருகித் தரையைப் பார்க்கும்படி சரித்து வைத்திருந்தார். வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் விழாமல் வண்டியின் மூக்கடியிலேயே விழுந்துவிடும். "கூசல்லைன்னா பிறகு என்ன?" என்றார். "சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா?" என்றேன். "சட்டம் சரிதான் டீச்சரே" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். டீச்சர் என்று என்னை முதலில் கூப்பிட்டவர் அவர்தான். அது கேலி. பிறகு ஊரே பிடித்துக்கொண்டது. இப்போது என் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கிறது.

பள்ளி தொடங்க வாடகைக்கு அறை தேடியபோது ஜங்ஷனில் கிடைத்தது அவர் பக்கத்து அறை ஒன்றுதான்.

பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான் என் வியப்பு அதிகமானது. மற்றவர்கள் வண்டியில் அவர் செய்யும் வேலையில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. ஹெட்லைட் என்றால் நாமெல்லாம் சுவிட்சைப் போட்டால் எரியும் சாதனம் என்று நினைக்கிறோம். அந்த ஒரு பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கின்றன. ஒன்று தூரத்துக்கு, ஒன்று பக்கத்துக்கு. பேட்டரியில் இருந்து வரும் கரண்டு ஃபியூஸ் வழியாக வந்து, ஸ்டியரிங் பக்கத்தில் நம் விரலுக்கு எட்டும் டிம் டிப் சுவிட்சில் நிற்கும். அங்கே வழி இரண்டாகப் பிரியும். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயர் தூரத்து இழைக்குப் போகும். நீலத்தில் சிவப்புக் கோடு போட்டது பக்கத்து இழைக்கு. இரண்டுக்கும் பொதுவாக ஒரு கறுப்பு வயர், எர்த்து. பழைய வண்டிகளில் இந்த நிறக் கணக்கு அவ்வளவு சுத்தமாக இருக்கும். புது வண்டிகளில் ஆளுக்கொரு நிறம். நிறத்தை நம்பாமல் அவர் டெஸ்ட் லைட்டு வைத்துத் தொட்டுப் பார்த்துத்தான் எதையும் இணைப்பார்.

ரிலே இல்லாமல் அதிக வாட்ஸ் பல்பு மாட்டித் தரச் சொல்கிறவர்களை அவர் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். அந்தச் சுமை முழுவதும் சுவிட்சு வழியாகப் போனால் சுவிட்சு உருகும். ரிலே வைத்தால் சுவிட்சு உத்தரவு மட்டும் கொடுக்கும். சுமை பேட்டரியில் இருந்து நேராக விளக்குக்குப் போகும். இன்னொரு பிடிவாதமும் உண்டு. இரண்டு விளக்குக்கும் தனித்தனி ஃபியூஸ் வைப்பார். ஒன்றே போதுமே, வேலை மிச்சம் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது, பாதையின் வளைவுகளை நினைவுபடுத்துவார். "மலைப்பாதை வளவுல ரெண்டும் ஒண்ணு போல செத்தா நீரு என்ன செய்வீரு? ஒண்ணாவது கூட வரட்டும்" என்பார்.

ஒரு தடவை பூதப்பாண்டிப் பக்கத்தில் இருந்து நெல் ஏற்றும் வண்டி ஒன்று வந்தது. நாலு இடத்தில் காட்டிவிட்டு வந்திருந்தார்கள். விளக்கைப் போட்டால் ஒரு பக்கம் மட்டும் மங்கலாக எரியும். மாற்றிப் போட்டாலும் அதே மங்கல். பல்பு மாற்றியாகிவிட்டது, சுவிட்சு மாற்றியாகிவிட்டது. அண்ணன் மங்கிய விளக்கின் பின்னால் கையை விட்டுக் கறுப்பு வயரைத் தேடிப் பிடித்தார். அது பாடியோடு சேரும் இடத்தில் துருப்பிடித்து விட்டுப்போயிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து முறுக்கினார். விளக்கு பளிச்சென்று வந்தது. அந்த ஓட்டுநர் காரணம் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை நான் சுவருக்கு இந்தப் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"கரண்டு போனா மட்டும் போதாது மக்கா. திரும்பி வரணும். திரும்பி வர வழியில்லைன்னா அது பக்கத்து இழை வழியாச் சுத்தி வரப் பாக்கும். அப்பம் எதுவும் சரியா எரியாது."

இவ்வளவு தெரிந்த மனிதர் தன் சொந்த வேனில் மட்டும் இடது விளக்கின் ஹோல்டரில் இரண்டு வயரையும் மாற்றிச் சொருகி வைத்திருந்தார். நான் பலமுறை கேட்டும் அவர் காரணம் சொல்லவில்லை. "கெடக்கட்டும் டீச்சரே" என்பார். வருடா வருடம் எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றிதழுக்கு, வண்டி போகும் நாளில் காலையில் வயர்களை நேராக்குவார். விளக்கை நிமிர்த்துவார். சான்றிதழ் கிடைத்துத் திரும்பிய சாயங்காலமே மறுபடியும் மாற்றிச் சொருகுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போக்குவரத்து விதிகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பாடம் நடத்துகிறவளின் பக்கத்துக் கடையில் இப்படி நடந்தால் எப்படி இருக்கும்.

காரணத்தைச் சொன்னது ஸ்டெல்லா அக்காள், அண்ணனின் மனைவி. ரப்பர் வெட்டும் வேலை. விடியுமுன் தோட்டத்துக்குப் போகிறவர். சந்தைக்கு இறங்கும் நாட்களில் கடைக்கு வந்து, அண்ணன் வேலையை முடிக்கும்வரை என் அறையில் உட்கார்ந்திருப்பார். என்னைப் போலவே வாய் அடங்காத பெண்மணி. எங்கள் இருவருக்கும் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

அவர்கள் வீடு மலைச்சரிவில் மேலே இருந்தது. முற்றத்தில் நின்றால் கீழே பாதை வளைந்து வளைந்து ஏறி வருவது தெரியும். போன் சிக்னல் அங்கே எட்டாது. சாயங்காலம் ஆனால் ஜீப்பும் வேனுமாக வேலை முடிந்தவர்களின் வண்டிகள் வரிசையாக வரும். இருட்டிவிட்டால் எல்லாம் இரண்டு இரண்டு புள்ளிகள்தான். எது தன் வீட்டு வண்டி என்று தெரியாமல் அக்காள் குழம்பைச் சூடு பண்ணி வைப்பார். அது அடுத்த வீட்டுக்காரன் வண்டியாக இருக்கும். அண்ணன் வரும்போது குழம்பு ஆறிக் கிடக்கும். இது தினமும் நடந்தது.

ஒரு நாள் அண்ணன் தன் வேனுக்குப் புது ஹோல்டர் மாட்டினார். ஊரார் வண்டிகளையெல்லாம் முடித்தபிறகு, அரையிருட்டில், அவசரத்தில், தன் வண்டிதானே என்ற அலட்சியத்தில் மாட்டினார். எலக்ட்ரீசியன்கள் எல்லாருக்கும் உள்ள வியாதி இது. சொந்த வண்டி கடைசி வண்டி. டெஸ்ட் லைட்டு வைத்துப் பார்க்கவில்லை. வயர்கள் மாறிப்போயின. அவர் அதைக் கவனிக்காமலே வீட்டுக்கு ஓட்டிப் போனார்.

"நான் முற்றத்தில நிக்கேன்" என்றார் அக்காள். "வளவுக்கு வளவு எல்லா வண்டியும் லைட்டு தாத்தும், பிறகு ஏத்தும். ஒரு வண்டி மட்டும் ஒண்ணை ஏத்தி ஒண்ணைத் தாத்திட்டு வருது. இது எந்தக் கிறுக்கன்னு பாத்தேன். நம்ம ஆளு. முகத்தைப் பாத்ததும் சிரிச்சிட்டேன். மனுசனுக்கு வெக்கம். இப்பமே சரியாக்கட்டான்னு டார்ச்சை எடுத்தாரு. கையைப் பிடிச்சு நிறுத்தினேன். சரியாக்கிராதீங்க, இனி எனக்கு எந்த வண்டி ஒங்க வண்டின்னு தெரியும்லா, குழம்பு ஆறாதுல்லான்னேன்."

கீழ் வளைவில் அந்த வெளிச்சம் தெரிந்ததும் அடுப்பில் குழம்பை வைத்தால் அண்ணன் கை கழுவி உட்காரும் நேரத்துக்குக் கொதித்துவிடுமாம். இதைச் சொல்லும்போது அக்காளுக்கு இருந்த பெருமையைப் பார்த்தபிறகு நான் அந்த வயரிங்கைப் பற்றி வாய் திறப்பதை நிறுத்திக்கொண்டேன். சட்டத்துக்கும் மனசுக்கும் நடுவே நான் சட்டத்தை விட்டுக்கொடுத்த ஒரே இடம் அது.

ஸ்டெல்லா அக்காளுக்கு வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்தபோது காலம் கடந்திருந்தது. அக்காளின் கடைசி மாதங்களில் அண்ணன் மதியமே கடை அடைத்துவிட்டுப் போவார். பகல் வெளிச்சத்தில் வண்டி விளக்கு போடத் தேவையில்லை. ஆனாலும் போட்டுக்கொண்டு போவார். அக்காளின் கட்டிலை ஜன்னல் ஓரமாக மாற்றிப் போட்டிருந்தார்கள்.

அக்காள் போனபிறகு வந்த எஃப்.சி. நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காலையில் வழக்கம்போல வயர்களை நேராக்கினார். இனி அது அப்படியே கிடந்துவிடும் என்று நினைத்தேன். சாயங்காலம் திரும்பி வந்தவர் வேனின் முன்னால் குந்தி, இடது விளக்கின் ஹோல்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். நான் பள்ளியைப் பூட்டிவிட்டுப் போய் நின்றேன்.

"இனி யாருக்கு அண்ணே?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் அந்தக் கேள்வியின் கொடுமை உறைத்தது.

அவர் கோபப்படவில்லை. "யாருக்கும் இல்ல டீச்சரே. பாக்க ஆளில்லைன்னு எனக்குத் தெரியும்" என்றார். இரண்டு வயரையும் மாற்றிச் சொருகினார். "நேரா இருந்தா, நான் வீட்டுக்குத்தான் போறேன்னு எனக்கே தோண மாட்டேங்கு."

அவர்கள் மகள் ஷைனி அப்போதே வளைகுடா நாட்டுக்கு நர்ஸாகப் போய்விட்டாள். அப்பாவை வரச் சொல்லி ஒவ்வொரு வாரமும் கூப்பிடுவாள். அவர் மழுப்புவார். "அங்க ரோட்டில எல்லாம் ராத்திரியும் பகல் போல இருக்குமாம். ஹெட்லைட்டே வேண்டாம்னாக்கும் சொல்லுதா. எனக்கு அங்க என்ன சோலி?" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு முடிந்ததும் முகம் பழையபடி ஆகிவிடும். மதியச் சோற்றை முன்பெல்லாம் வாசலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். அக்காள் போனபிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். ஆனால் சாயங்காலம் கடை அடைக்கும் நேரம் மட்டும் மாறவே இல்லை. காத்திருக்க ஆளில்லாத வீட்டுக்கு எப்போது போனால் என்ன என்று அவரே சொல்லுவார். சொல்லிக்கொண்டே ஷட்டரை இழுப்பார்.

இங்கே என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் வீடு அதே மலைப்பாதையில், அவர் வீட்டுக்கு வெகு கீழே இருக்கிறது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போனபிறகு வீட்டில் நான் ஒருத்திதான். ஒருத்திக்கு எப்போது பசிக்கும் என்று வீட்டில் யாருக்கும் கவலையில்லை, எனக்கே கவலையில்லை. சில நாள் பாத்திரத்தைத் திறக்காமலே படுத்திருக்கிறேன். எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை, சாயங்காலம் ஜன்னல் வழியாக ஒன்று ஏறி ஒன்று இறங்கும் அந்த வெளிச்சம் வளைவைத் தாண்டிப் போனதும் எழுந்து தட்டை எடுத்து வைப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார், இனி நானும் சாப்பிடலாம் என்று ஒரு நிம்மதி. அவ்வளவுதான். அதற்கு வேறு பெயர் கிடையாது.

இதை அவரிடம் சொல்லலாமா என்று நினைத்ததுண்டு. தனியாக இருக்கும் ஒரு பெண் மனைவியை இழந்த ஒருவரிடம், உங்கள் வண்டி வெளிச்சத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால், எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்குக் கால் முளைத்து மறுநாள் காலையில் குலசேகரம் சந்தையில் உட்கார்ந்திருக்கும். நான் யாருக்கும் பயந்தவள் இல்லை. அவர் கூச்சப்பட்டு வழியை மாற்றிக்கொள்வாரோ என்றுதான் பயந்தேன்.

அடக்கத்தன்று நல்ல மழை. ஷைனி வந்து சேர்ந்திருந்தாள். உபதேசியார் ஜெபம் முடித்துப் போனபிறகு வீட்டு முற்றத்தில் கட்டியிருந்த தார்ப்பாயின் கீழே நாங்கள் கொஞ்சம் பேர் மிஞ்சினோம். சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது. கீழே பாதையில் வண்டிகள் விளக்குப் போட்டுக்கொண்டு வரத் தொடங்கின. எல்லாரும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். முதலில் பேசியது மணியன்தான்.

"இந்நேரம் வந்திருக்கணும்" என்றார். "அண்ணன் வண்டி வளவுல தெரிஞ்சாதான் நான் அடுப்பை அணைக்கது. அதுக்குப் பொறவு ஒருத்தருக்கும் சாயா கிடையாது."

பால் சங்கத்தில் வேலை பார்க்கும் தங்கம்மை அவரைத் திரும்பிப் பார்த்தாள். "நானும் அந்த லைட்டு பாத்துத்தான் பசுவுக்குத் தண்ணி காட்டுவேன். எங்க வீட்டுல கடியாரம் நின்னு எவ்வளவோ நாளாச்சு. நன்னாக்கவே இல்ல. அண்ணன் வண்டி இருக்கச்சில எதுக்குன்னு விட்டுட்டேன்."

அதே பாதையில் குடியிருக்கும் ராஜையன் காது கேளாதவர். தங்கம்மை கையால் காட்டிச் சொன்னதும் அவரும் தலையை ஆட்டினார். தன் கண்ணைத் தொட்டார். இரண்டு கைகளையும் விளக்குப் போல வைத்து, ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்கிக் காட்டினார்.

நான் என் தட்டைப் பற்றிச் சொன்னேன். இவ்வளவு காலம் எந்த வார்த்தைக்குக் கால் முளைக்கும் என்று பயந்தேனோ அதை அத்தனை பேர் முன்னிலையில் சொன்னேன். யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை.

ஷைனி எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். "அப்பாகிட்ட இதைச் சொன்னியளா?" என்று கேட்டாள்.

மணியன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒருத்தரும் சொல்லல்லியா?" என்றாள். "அம்மா போனதுக்குப் பொறவு நான் ஒருத்தருக்கும் வேண்டாதவன், நான் வந்தாலும் வராட்டாலும் ஒண்ணுதான்னு என்கிட்ட போன்ல சொல்லிட்டே இருப்பாரு. நான் அங்க இருந்து என்ன சொல்ல?"

அவள் அழுதாள். நாங்களும் அழுதோம். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம். தினமும் பார்க்கிற ஒன்றைப் போய் என்னவென்று சொல்வது என்று விட்டுவிட்டோம். ஒரு பாதை முழுக்க அவருக்காகக் காத்திருந்தது. அந்தப் பாதையில் அவர் தனியாளாகவே வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ஷைனிக்கு விடுமுறை குறைவு. புறப்படுமுன் வேன் சாவியை என் கையில் வைத்தாள். "வண்டி வாங்க ஆள் வந்திருக்கு மாமி. எஃப்.சி.க்குக் காட்டணுமாம். அந்த லைட்டை மட்டும் நேராக்கிக் குடுப்பியளா? வேற ஆள்கிட்ட குடுக்க எனக்கு மனசு வரல்ல."

எனக்கும் வரவில்லை. இத்தனை வருடம் பார்த்திருக்கிறேன், இரண்டு வயர் மாற்றுவது பெரிய வித்தையில்லை. ஆனால் பகலில் அதைச் செய்ய முடியவில்லை. சாயங்காலம்வரை சாவியைக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, வெளிச்சம் மங்கும் நேரத்தில், அவர் ஷட்டர் இழுக்கும் நேரத்தில், அவருடைய வேனை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் ஏறினேன்.

ஒவ்வொரு வளைவிலும் விரலால் சுவிட்சைத் தட்டினேன். ஒன்று ஏறியது, ஒன்று இறங்கியது. சாயாக்கடையில் மணியன் தலை நிமிர்ந்து பார்த்தார். அவர் கை தன்னாலே அடுப்பின் பக்கம் போய்ப் பாதியில் நின்றது. தங்கம்மை தொழுவத்தில் இருந்து வெளியே வந்து புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். ராஜையன் வீட்டுப்படியில் எழுந்து நின்றார். என் வீட்டைத் தாண்டும்போது ஜன்னல் இருட்டாக இருந்தது. அங்கே பார்க்க ஆளில்லை. அந்த ஆள் வண்டிக்குள் இருந்தாள்.

மேலே வீடு பூட்டிக் கிடந்தது. முற்றத்தில் வேனை நிறுத்திவிட்டு இறங்கி, ஸ்டெல்லா அக்காள் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். கீழே வண்டிகள் வந்துகொண்டிருந்தன. வளைவில் தாழ்ந்து, வளைவு தாண்டி உயர்ந்து, எல்லாம் ஒன்று போல இரண்டு இரண்டு புள்ளிகள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். அடுத்தது, அதற்கு அடுத்தது என்று எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. நான் தேடிக்கொண்டிருந்த வண்டி என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது என்பது பிறகுதான் புத்தியில் ஏறியது.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஹோல்டரைக் கழற்றினேன். வெள்ளைக்கோட்டு வயரும் சிவப்புக்கோட்டு வயரும் இடம் மாறின. திருகாணியைத் திருகி விளக்கை நிமிர்த்தினேன். போட்டுப் பார்த்தபோது பூட்டிய வீட்டின் சுவரில் இரண்டு வெளிச்சமும் ஒரே உயரத்தில் விழுந்தன. சட்டப்படி சரியாக இருந்தது. இந்த வேனில் அப்படி ஒரு சரியைப் பார்க்க வேண்டும் என்று ஒரு காலத்தில் நான் எவ்வளவு சண்டை போட்டிருக்கிறேன்.

திரும்பி இறங்கினேன். ராஜையன் படியில்தான் இருந்தார். பார்த்தார், பார்வையைத் திருப்பிக்கொண்டார். தங்கம்மை வெளியே வரவில்லை. சாயாக்கடையில் மணியன் யாருக்கோ சாயா ஆற்றிக்கொண்டிருந்தார். வேன் அவரை உரசிக்கொண்டு போவது போலத்தான் போனது. அவர் தலை நிமிரவில்லை.

ஞானதாஸ் அண்ணே, நீங்கள் வரும்போது அத்தனை பேரும் தலை நிமிர்ந்தார்கள். அதை உங்களிடம் சொல்லத்தான் இதை எழுதினேன். ஸ்டெல்லா அக்காள் உங்கள் வண்டியை அங்கேயும் தூரத்திலேயே கண்டுபிடித்திருப்பார். போய்ச் சேருங்கள். குழம்பு சூடாக இருக்கும்.